சொந்த ஊர் பேசும் முன்பே உலகம் சுற்றிய மொழி: பிரெஞ்சின் கதை

1784-ல் பெர்லின் அகாதெமி ஒரு கட்டுரைப் போட்டியின் முடிவை வெளியிட்டது. ஐரோப்பாவுக்கே பொதுமொழியாகும் நிலை பிரெஞ்சுக்கு எப்படி வந்தது, அந்த இடத்துக்கு அது தகுதியானதா, இனியும் அங்கே நிலைக்குமா என்பதுதான் கேள்வி. பரிசைப் பகிர்ந்துகொண்ட இருவரில் ஒருவர் அந்துவான் ரிவரோல். "தெளிவில்லாதது எதுவும் பிரெஞ்சு ஆகாது" என்று அவர் எழுதிய வரி இன்றுவரை மேற்கோளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பத்தே ஆண்டில், 1794-ல், பாரிஸில் புரட்சி அரசின் மன்றத்தில் கிரெகுவார் என்ற பாதிரியார் ஓர் அறிக்கை வாசித்தார். நாட்டில் குறைந்தது 60 லட்சம் பேருக்குப் பிரெஞ்சே தெரியாது. அதே அளவு பேரால் தொடர்ச்சியாக நாலு வார்த்தை பேச முடியாது. ஒழுங்காகப் பேசக்கூடியவர்கள் 30 லட்சத்தைத் தாண்ட மாட்டார்கள் என்றார். அப்போது பிரான்சின் மக்கள்தொகை இரண்டரைக் கோடிக்கும் மேல்.

இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐரோப்பாவின் பொதுமொழி என்று கொண்டாடப்பட்ட ஒன்றை, அது பிறந்த நாட்டின் குடியானவர்களில் பெரும்பாலோர் பேசவில்லை. "இனிமையான மொழி, அதனால் உலகம் விரும்பி ஏற்றுக்கொண்டது" என்று பிரெஞ்சைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்லும் விளக்கம் இந்த இடத்தில் உடைந்துபோகிறது. ஒரு மொழி பரவுவதற்குப் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. அதைப் பேசுகிற மக்கள் குடிபெயர வேண்டும், அல்லது அதில் நடக்கும் அலுவலகமும் பள்ளிக்கூடமும் இடம்பெயர வேண்டும். பிரெஞ்சு பெரும்பாலும் இரண்டாவது வழியில் பரவிய மொழி. சொந்த நாட்டுக்குள்கூட அப்படித்தான் பரவியது.

தாய் இலத்தீன்தான், ஆனால் எந்த இலத்தீன்?

இன்றைய பிரான்சின் பெரும்பகுதிக்கு அன்று கால் என்று பெயர். அங்கே வாழ்ந்தவர்கள் பேசியது கெல்திய மொழி. கி.மு. 58-ல் ஜூலியஸ் சீசர் படையெடுத்தார், கி.மு. 52-ல் அலேசியா கோட்டை விழுந்ததும் எதிர்ப்பு அநேகமாக அடங்கியது. அதற்குப் பின் சில நூற்றாண்டுகளில் அந்த மக்கள் தங்கள் மொழியை மெல்ல மெல்லக் கைவிட்டு இலத்தீனுக்கு மாறினார்கள். பழைய மொழியில் எஞ்சியது மிகக் கொஞ்சம். கலப்பை, கருவாலி மரம், செம்மறி ஆடு போன்றவற்றுக்கான பிரெஞ்சுச் சொற்கள் அந்த மிச்சம்தான். வயலோடும் காட்டோடும் ஒட்டிய சொற்கள் தங்கிவிட்டன, மற்றவை போய்விட்டன.

சரி, அவர்கள் கற்றுக்கொண்டது எந்த இலத்தீன்? நாம் "இருக்கிறது" என்று எழுதுகிறோம், "இருக்கு" என்று பேசுகிறோம். "வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று எழுதிவிட்டு "வந்துட்டிருக்காங்க" என்கிறோம். ரோமானியர்களுக்கும் இதே இரட்டை வாழ்க்கை இருந்தது. புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோ எழுதியது ஒன்று. சிப்பாயும் வியாபாரியும் கடைவீதியில் பேசியது வேறொன்று. அந்தக் கடைவீதி மொழியைத்தான் பேச்சு இலத்தீன் என்கிறார்கள். கால் நாட்டு மக்கள் கற்றது இதைத்தான், ஏட்டு இலத்தீனை அல்ல.

குதிரைக்கு ஏட்டு இலத்தீனில் எக்வுஸ் என்று பெயர். தெருவில் கபல்லுஸ் என்றார்கள். வேலை செய்யும் மட்டக் குதிரையைக் குறிக்கும் சாதாரணச் சொல் அது. பிரெஞ்சில் குதிரை "ஷெவால்". வென்றது தெருச்சொல்தான்.

அடுத்து நடந்தது ஒலித்தேய்வு. தலைமுறை தலைமுறையாகப் பேசப் பேசச் சொற்களின் ஓரங்கள் கரைந்துபோவதுதான் ஒலித்தேய்வு. இலத்தீனிலிருந்து பிறந்த இத்தாலியம், ஸ்பானியம், போர்த்துக்கீசியம் எல்லாவற்றிலும் இது உண்டு. ஆனால் பிரெஞ்சில் நடந்த அளவுக்கு மற்றவற்றில் நடக்கவில்லை. தண்ணீருக்கு இலத்தீனில் "ஆக்வா". இத்தாலியில் இன்றும் "ஆக்குவா", ஸ்பெயினில் "ஆகுவா". பிரான்சில் அது வெறும் "ஓ" ஆகிவிட்டது! எழுதும்போது மூன்று உயிரெழுத்துகள், வாயைத் திறந்தால் ஒரே ஒலி. ஆகஸ்ட் மாதத்துக்குப் பெயர் தந்த "அகுஸ்துஸ்" என்ற நீண்ட சொல் தேய்ந்து "ஊத்" ஆனது. சிலர் வாயில் வெறும் "ஊ".

ஐந்தாம் நூற்றாண்டில் ரோமப் பேரரசு தளர்ந்தபோது பிராங்க் என்ற ஜெர்மானியக் குலத்தார் ஆட்சியைப் பிடித்தார்கள். நாட்டுக்குப் பெயர் தந்தவர்கள் அவர்கள்தான். போர், கோடரி, தோட்டம், நீல நிறம் ஆகியவற்றுக்கான சொற்களையும் தந்தார்கள். ஆனால் தங்கள் மொழியைத் திணிக்கவில்லை. குடிகளின் இலத்தீனுக்கே நாளடைவில் மாறிவிட்டார்கள்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: கெல்திய மக்கள் கற்றுக்கொண்ட பேச்சு இலத்தீன், கடுமையாகத் தேய்ந்து, கொஞ்சம் ஜெர்மானியச் சொற்களைச் சேர்த்துக்கொண்டது. அதுதான் பிரெஞ்சின் வேர்.

பாமரர் மொழி ஏட்டில் ஏறிய நாள்

தாங்கள் பேசுவது இலத்தீன் அல்ல என்று அந்த மக்களுக்கு எப்போது தெரிந்தது? நாள் குறிக்க முடியாது. ஆனால் 813-ல் தூர் நகரில் கூடிய ஆயர்கள் ஒரு முடிவெடுத்தார்கள்: பிரசங்கத்தை மக்களுக்குப் புரியும்படி "நாட்டுப்புற ரோமானிய மொழி"யில் சொல்ல வேண்டும். கோயிலில் ஒலிக்கும் இலத்தீன் ஊராருக்கு விளங்கவில்லை என்பதைத் திருச்சபையே ஒப்புக்கொண்ட தருணம் அது.

842 பிப்ரவரி 14-ஆம் நாள் ஸ்ட்ராஸ்பூர் நகரில் இன்னொன்று நடந்தது. பேரரசர் ஷார்ல்மேனின் பேரன்கள் இருவர், தங்கள் அண்ணனுக்கு எதிராகக் கைகோத்து உறுதிமொழி எடுத்தார்கள். மேற்குப் பகுதியை ஆண்டவர் வழுக்கை சார்ல். அவருடைய வீரர்கள் பேசியது ரோமானிய மொழி. கிழக்கை ஆண்டவர் லூயி. அவருடைய வீரர்கள் பேசியது ஜெர்மானிய மொழி. இருவரும் தத்தம் மொழியில் சத்தியம் செய்யவில்லை. எதிர்ப்பக்க வீரர்களுக்குப் புரிய வேண்டும் என்று மொழியை மாற்றிக்கொண்டார்கள்: லூயி ரோமானிய மொழியிலும் சார்ல் ஜெர்மானிய மொழியிலும் சொன்னார்கள். இருவருக்கும் உறவினரான நிதார் என்ற வரலாற்றாசிரியர், அந்த வாசகங்களை இலத்தீனுக்குப் பெயர்க்காமல் கேட்டபடியே எழுதிவைத்தார்.

"ப்ரோ தேயோ அமூர்" என்று தொடங்குகிறது லூயியின் உறுதிமொழி. கடவுளின் அன்புக்காக என்று பொருள். அன்பைக் குறிக்கும் "அமூர்" இன்றைய பிரெஞ்சிலும் அப்படியே நிற்கிறது. பிரெஞ்சாக மாறிக்கொண்டிருந்த மொழியில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்து இதுதான். கவிதையோ புராணமோ இல்லை, ஓர் அரசியல் ஒப்பந்தம். இந்த மொழியின் பின்னாளைய வாழ்க்கையைப் பார்த்தால் அது பொருத்தமான பிறப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது.

பாரிஸ் பேச்சு மட்டும் மேலே வந்தது எப்படி?

அதற்குப் பிறகும் பல நூற்றாண்டுகள் "பிரெஞ்சு" என்று ஒரே மொழி இருக்கவில்லை. ஊருக்கு ஊர் வேறு பேச்சு. ஆம் என்று சொல்ல வடக்கே "ஒயில்" என்றார்கள், தெற்கே "ஒக்" என்றார்கள். இதை வைத்தே வடக்குப் பேச்சுகளை ஒயில் மொழிகள் என்றும் தெற்குப் பேச்சுகளை ஒக் மொழி என்றும் பிரித்தார்கள். வடக்கத்தி "ஒயில்" தேய்ந்துதான் இன்றைய "உவீ" ஆனது. தெற்கின் ஒக் மொழி சாதாரண மொழி இல்லை; 12-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் காதல் கவிதைக்கே அது முன்மாதிரி. இவை போக, மேற்கே பிரெத்தாஞ் பகுதியில் பிரெத்தோன், தென்மேற்கே பிரெனீஸ் மலையடியில் பாஸ்க், கிழக்கே ஜெர்மானியம் சார்ந்த அல்சாசியம்.

இத்தனைக்கும் நடுவே பாரிஸ் பேச்சு முன்னுக்கு வந்ததற்குக் காரணம் அதன் அழகு இல்லை. ராஜா அங்கே இருந்தார். அவருடைய நீதிமன்றமும் கருவூலமும் பல்கலைக்கழகமும் அங்கே இருந்தன. ராஜாவின் எல்லை விரிய விரிய அவருடைய எழுத்தர்களின் மொழியும் விரிந்தது.

1539-ல் முதலாம் பிரான்சுவா மன்னர் வில்லே-கோத்ரே என்ற ஊரில் ஓர் ஆணை பிறப்பித்தார். நீதிமன்றத் தீர்ப்பு முதல் பத்திரம் வரை எல்லாம் இனி பிரெஞ்சுத் தாய்மொழியிலேயே எழுதப்பட வேண்டும், வேறெதிலும் கூடாது. குறி வைத்தது இலத்தீனை. ஆனால் தெற்கில் அதுவரை ஒக் மொழியில் எழுதிவந்த பத்திர எழுத்தர்களும் பாரிஸ் மொழிக்கு மாறினார்கள். ஆட்சிமொழி, அதாவது அரசு தன் காரியங்களை நடத்தும் மொழி, என்ற தகுதி பிரெஞ்சுக்கு உறுதியானது இங்கேதான். 1635-ல் மன்னரின் முதலமைச்சர் ரிஷ்லியூ நிறுவிய பிரெஞ்சு அகாதெமி அதற்கு அகராதி தயாரிக்கும் பொறுப்பை ஏற்றது. முதல் பதிப்பு 1694-ல் வந்தது. இந்த அகாதெமி நாற்பது உறுப்பினர்களோடு இன்றும் இயங்குகிறது. அது சொன்னால் சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அது தருவது பரிந்துரைதான்.

பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகளை வாட்டும் ஒலிக்காத எழுத்துகளும் இந்தக் கதையின் விளைவு. ஒலி தேய்ந்துகொண்டே போனது; எழுத்து பழைய இடத்திலேயே நின்றது. போதாததற்கு, இலத்தீன் வாசம் வேண்டும் என்று படித்தவர்கள் சில இடங்களில் இறந்துபோன எழுத்துகளைத் திரும்பச் சேர்த்தார்கள்.

நடுவில் ஒரு கிளைக்கதை. வடக்கே குடியேறி பிரெஞ்சு பேசக் கற்றுக்கொண்ட வைக்கிங் வம்சத்தார்தான் நார்மன்கள். 1066-ல் அவர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அடுத்த முந்நூறு ஆண்டுகளுக்கு அங்கே அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சுதான் கோலோச்சியது. நம்மூர் வக்கீல்கள் தினமும் புழங்கும் கோர்ட், ஜட்ஜ், பெட்டிஷன், அப்பீல் எல்லாம் ஆங்கிலத்துக்கு அப்படி வந்த பிரெஞ்சுச் சொற்கள்.

அரண்மனையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு

பதினான்காம் லூயியின் காலத்தில் பிரான்ஸ் ஐரோப்பாவின் மிகப் பெரிய வல்லரசாக இருந்தது. 1714-ல் ஆஸ்திரியாவுடன் செய்த ராஸ்தாட் உடன்படிக்கை, வழக்கமான இலத்தீனை விட்டுவிட்டுப் பிரெஞ்சில் எழுதப்பட்டது. அதற்குப் பிறகு ராஜதந்திரம் என்றால் பிரெஞ்சு என்றாகி, 1919-ல் வெர்சாய் உடன்படிக்கையில் ஆங்கிலம் சரிசமமாக வந்து உட்காரும் வரை அந்த நிலை நீடித்தது. பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக் ஜெர்மனை விடப் பிரெஞ்சில் எழுதுவதையே விரும்பினார். ரஷ்யப் பிரபுக்கள் வீட்டில் பிரெஞ்சு பேசினார்கள். 1874-ல் தொடங்கிய உலக அஞ்சல் ஒன்றியமும் பிரெஞ்சையே தன் மொழியாக வைத்துக்கொண்டது. வெளிநாட்டுக் கடித உறைகளில் "பை ஏர் மெயில்" என்பதற்குக் கீழே "பார் அவியோன்" என்று இருக்குமே, அந்த வழக்கம் அங்கிருந்து வந்தது.

ஆனால் இவை எல்லாமே மேல்தட்டு. 1784-ல் ரிவரோல் கண்டது இந்த மேல்தட்டை; 1794-ல் கிரெகுவார் எண்ணியது கீழே இருந்த மக்களை.

கிரெகுவாரின் நோக்கம் கணக்கெடுப்போடு நிற்கவில்லை. நாட்டுப்புறப் பேச்சுகளை ஒழித்துப் பிரெஞ்சைப் பொதுவாக்க வேண்டும் என்பதே அந்த அறிக்கையின் தலைப்பு. குடியரசின் சட்டம் எல்லாருக்கும் புரிய வேண்டும் என்ற நியாயமான ஆசையும், மற்ற மொழிகள் எல்லாம் பிற்போக்கின் அடையாளம் என்ற அநியாயமான நினைப்பும் அதில் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. அதை நடைமுறைக்குக் கொண்டுவர இன்னும் நூறு ஆண்டு ஆயிற்று. 1881, 1882-ல் கல்வி அமைச்சர் ழூல் ஃபெரி கொண்டுவந்த சட்டங்கள் தொடக்கக் கல்வியை இலவசமாக்கிக் கட்டாயமுமாக்கின. பாடம் பிரெஞ்சில் மட்டும்.

பிரெத்தாஞ் பகுதிப் பள்ளிகளில் "சின்னம்" என்று ஒரு தண்டனை இருந்தது. காலையில் எந்தப் பிள்ளை வாய்தவறி வீட்டு மொழியான பிரெத்தோனில் பேசுகிறதோ, அதன் கழுத்தில் ஒரு மரச்செருப்போ மரத்துண்டோ தொங்கவிடப்படும். அந்தப் பிள்ளை இன்னொரு பிள்ளை பிரெத்தோனில் பேசுவதைக் கண்டுபிடித்துச் சொன்னால், சின்னம் அதற்கு மாறும். மாலையில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்கு அடி அல்லது கூடுதல் வேலை. வாத்தியார் கண்காணிக்கவே வேண்டாம். பிள்ளைகளே ஒருவரையொருவர் கண்காணித்தார்கள். அப்படி வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் பிரெத்தோன் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். இதைப் படிக்கும்போது எனக்கு மனம் கொதிக்கிறது. தாய்மொழி பேசியதற்காக ஒரு குழந்தையை அவமானப்படுத்துவதற்கு எந்தத் தேச ஒற்றுமையும் நியாயம் ஆகாது.

ஆக, பிரான்சுக்குள்ளேயே பிரெஞ்சு முதலில் எழுத்தர்கள் வழியாகவும் பிறகு பள்ளிக்கூடம் வழியாகவும்தான் மேலிருந்து கீழே இறங்கியது. கடல் கடந்து அது போன கதையைப் புரிந்துகொள்ள இதுதான் திறவுகோல்.

ஆள் போன இடம், ஆபீஸ் போன இடம்

ஆள் போன இடத்துக்குச் சிறந்த சான்று கனடாவின் கியூபெக். 1608-ல் சாம்ப்ளேன் அங்கே குடியேற்றத்தைத் தொடங்கினார். ஆண்களே அதிகம் இருந்ததால், 1663-க்கும் 1673-க்கும் இடையே ஏறத்தாழ 800 இளம்பெண்களை அரசுச் செலவில் அனுப்பிவைத்தார்கள். "அரசரின் மகள்கள்" என்று அவர்களுக்குப் பெயர். நார்மண்டி, புவாத்தூ, பாரிஸ் என்று பல ஊர்க்காரர்கள் ஒரே கிராமத்தில் கலந்து வாழ வேண்டியிருந்தது. வீட்டில் கணவன் மனைவிக்கே பொதுப்பேச்சு தேவைப்பட்டது. பிரெஞ்சு அந்த இடத்தைப் பிடித்தது. பிரான்சில் குடியானவர்கள் பிரெஞ்சு பேசத் தொடங்கும் முன்பே கனடாக் குடியானவர்கள் பேசினார்கள்.

கியூபெக் பிரெஞ்சைக் கொச்சை என்று பாரிஸில் சிலர் இன்றும் சிரிப்பதுண்டு. "நான்" என்பதைப் பாரிஸில் "முவா" என்பார்கள். கியூபெக்கில் நாட்டுப்புறத்தார் வாயில் அது "முவே". பதினான்காம் லூயியின் அரசவையில் ஒலித்ததும் ஏறத்தாழ அந்த "முவே"தான். புரட்சிக்குப் பின் மாறியது பாரிஸ். கியூபெக் பழையதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. 1763-ல் பிரான்ஸ் கனடாவைப் பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்த பிறகும், சுமார் 70 ஆயிரம் பேராக இருந்த அந்தச் சமூகம் மொழியை விடவில்லை. 1977-ல் வந்த 101-ஆம் சட்டம் பள்ளி, வேலையிடம், கடைப் பலகை எல்லாவற்றிலும் பிரெஞ்சுக்கு முதலிடம் தந்தது. இன்று மாண்ட்ரியலில் வளரும் நம் ஈழத்தமிழர் பிள்ளைகள் பிரெஞ்சில் படிப்பது பெரும்பாலும் இந்தச் சட்டத்தால்தான்.

ஹைத்தி, மொரிஷியஸ், ரீயூனியன் தீவுகளில் நடந்தது வேறு. அங்கே போனவர்கள் கொஞ்சம் பிரெஞ்சுக்காரர்கள். அவர்கள் அடிமைகளாக இழுத்துவந்த ஆப்பிரிக்கர்களோ ஏராளம், அவர்கள் பேசியதும் வெவ்வேறு மொழிகள். அந்தக் கலப்பில் பிறந்தது கிரியோல். பொதுமொழி இல்லாத மக்கள், காதில் விழுந்த சொற்களைக் கொண்டு உருவாக்கி, அடுத்த தலைமுறைக்குத் தாய்மொழியாகக் கொடுத்த புதிய மொழியைத்தான் கிரியோல் என்கிறார்கள். அதை "உடைந்த பிரெஞ்சு" என்பது தவறு. அதற்கென்று சொந்த இலக்கணம் இருக்கிறது. பிரெஞ்சில் தண்ணீர் "ஓ" என்று பார்த்தோமே. "கொஞ்சம் தண்ணீர்" என்னும்போது "து லோ" என்பார்கள். ஹைத்தியில் அந்த முழு ஒலியும் சேர்ந்து "த்லோ" என்ற ஒரே சொல்லாகிவிட்டது. 1804-ல் விடுதலை பெற்ற ஹைத்தியில் கிரியோல் பிரெஞ்சுக்கு இணையான ஆட்சிமொழியாக 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆபீஸ் போன இடம் ஆப்பிரிக்கா. செனெகல், மாலி, ஐவரி கோஸ்ட் போன்ற நாடுகளில் பிரெஞ்சுக் குடியேறிகள் சொற்பம். நிர்வாகி வந்தார், ராணுவம் வந்தது, பிரெஞ்சில் மட்டும் நடக்கும் பள்ளி வந்தது. பிரெத்தாஞ் பிள்ளையின் கழுத்தில் தொங்கிய அதே சின்னம் மேற்கு ஆப்பிரிக்கப் பிள்ளைகளின் கழுத்திலும் தொங்கியது. இன்று காங்கோ ஜனநாயகக் குடியரசு எனப்படும் பெரிய காங்கோ இன்னொரு விதம். பிரான்ஸ் அதை ஆளவே இல்லை, பெல்ஜியம் ஆண்டது. பெல்ஜிய நிர்வாகம் பிரெஞ்சில் நடந்ததால், பத்துக் கோடிக்கும் மேல் மக்கள் வாழும் அந்த நாட்டுக்குப் பிரெஞ்சு ஆட்சிமொழியானது.

1960-ல் மட்டும் பதினான்கு ஆப்பிரிக்க நாடுகள் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றன. பிறகும் ஏன் பிரெஞ்சை விடவில்லை? கேமரூனில் 200-க்கும் மேற்பட்ட மொழிகள். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றவர்கள் ஏற்க மாட்டார்கள். அதனால் ஆண்டவர்களின் மொழியே தொடர்ந்தது. நாடு முழுவதற்கும் பொதுவான மொழி ஏற்கெனவே இருந்த வியட்நாமில், பிரெஞ்சுக்காரர்கள் போனதும் பிரெஞ்சு வேகமாக மங்கியது.

புதுச்சேரியும் இந்தக் கணக்கில்தான் வரும். 1674-லிருந்து பிரெஞ்சுக்காரர்கள் அங்கே இருந்தாலும், வணிகமும் நிர்வாகமும் துபாஷிகள் என்ற மொழிபெயர்ப்பாளர்கள் வழியாக நடந்தன. ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பைத் தமிழில்தான் எழுதினார். மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும் வரை பிரெஞ்சே ஆட்சிமொழி என்று 1956 ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தும், ஊரில் எல்லாருக்கும் தமிழ் இருந்ததால் அன்றாட வாழ்வில் பிரெஞ்சுக்குப் பெரிய இடம் கிடைக்கவில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் குடும்பங்களிலும் சில பள்ளிகளிலும் அது தங்கியிருக்கிறது.

சுருக்கமாக: மக்கள் குடியேறிய இடத்தில் பிரெஞ்சு தாய்மொழியாயிற்று, அடிமைமுறை நடந்த தீவுகளில் அதிலிருந்து புதுமொழிகள் பிறந்தன, நிர்வாகம் மட்டும் போன இடத்தில், வேறு பொதுமொழி இல்லாவிட்டால் நின்றது, இருந்தால் விலகியது.

இன்றைய கணக்கும் அதைப் படிக்கும் விதமும்

1970 மார்ச் 20-ல் நைஜரின் தலைநகர் நியாமேயில் பிரெஞ்சு பேசும் நாடுகளின் அமைப்பு ஒன்று உருவானது. பிராங்கோபோனி அமைப்பு என்று இன்று அறியப்படுவது அதிலிருந்து வளர்ந்ததுதான். பாரிஸ் தொடங்கிவைத்தது என்று பலர் நினைப்பார்கள். ஆனால் முன்னின்றவர்கள் முன்னாள் காலனி நாடுகளின் தலைவர்கள்: செனெகலின் செங்கோர், துனிசியாவின் பூர்கிபா, நைஜரின் தியோரி, கம்போடியாவின் சிஹானூக்.

அந்த அமைப்பின் 2022 கணக்குப்படி உலகில் 32 கோடியே 10 லட்சம் பேர் பிரெஞ்சு பேசுகிறார்கள். இந்த எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். பிரெஞ்சில் பேசத் தெரிந்த எல்லாரும் இதில் அடக்கம். தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். பாதிக்கும் மேற்பட்டோர் ஆப்பிரிக்கர்கள். அவர்களில் பலருக்கு அது பள்ளியில் கற்ற மொழி. பள்ளி இருந்தால் எண்ணிக்கை கூடும், பள்ளியின் மொழி மாறினால் குறையும். ருவாண்டா 2008-ல் கல்வியை ஆங்கிலத்துக்கு மாற்றியது. மாலி 2023 அரசியலமைப்பில் பிரெஞ்சை ஆட்சிமொழித் தகுதியிலிருந்து இறக்கியது. 2025 மார்ச்சில் மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் பிராங்கோபோனி அமைப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தன. அந்த அமைப்பு பிறந்த நியாமே, நைஜரின் தலைநகர் என்பதை இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒன்று நடக்கிறது. ஐவரி கோஸ்டின் அபிஜான் நகரத்தில், வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் கலந்து மணந்து வாழும் வீடுகளில், பிள்ளைகள் பிரெஞ்சையே முதல் மொழியாகப் பேசி வளர்கிறார்கள். தெருவில் இளைஞர்கள் அதோடு உள்ளூர் மொழிகளைக் கலந்து நுஷி என்ற பேச்சை உருவாக்கியிருக்கிறார்கள். ஆங்கிலத்தின் "என்ஜாய்" நுஷியில் "ஆன்ஜாயே" ஆனது. கொண்டாட்டமாக இருப்பது என்று பொருள். அந்தச் சொல் இசை வழியாகப் பாரிஸ் இளைஞர்களின் வாய்க்குப் போய், இப்போது பிரான்சில் அச்சாகும் அகராதியிலும் ஏறிவிட்டது.